டெல்லி நிர்வாகச் சட்டத்துக்கு எதிர்ப்பு: எங்கே தோற்றது, இன்னும் என்ன மிச்சம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: "2023 ஆகஸ்டில், அதிகாரிகளின் நியமனமும் ட்ரான்ஸ்ஃபரும் யார் கையில் என்பது பற்றிய டெல்லி சர்வீசஸ் மசோதாவை திமுக, காங்கிரஸ், ஆம் ஆத்மி என்று இத்தனை கட்சிகள் சேர்ந்து எதிர்த்தும் அது நிறைவேறிவிட்டது. 2025-ல் டெல்லியில் ஆட்சியும் மாறியது. இப்போது அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்படியானால் அந்த எதிர்ப்பு வெறும் கட்சி அரசியல்தானா? மயூர் விஹாரில் வாடகை வீட்டில் இருக்கும் எனக்கு அதனால் என்ன வந்தது?" இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எதிர்ப்பில் நியாயம் இருந்ததா, இருந்தால் ஏன் தோற்றது, தோற்றதால் யாருக்கு என்ன ஆனது. பலரும் முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள், அதாவது தோற்றதால் நியாயமில்லை என்று. டெல்லி அரசுப் பணியாளர் வழக்குகளில் பல வருடம் வேலை செய்பவன் என்ற முறையில் மூன்றையும் பிரித்துச் சொல்கிறேன். சட்டத்தில் எழுதியிருப்பதையும் தீர்ப்பில் முடிவானதையும் உறுதியாகச் சொல்வேன். என் கணிப்பாக இருக்கும் இடத்தில் கணிப்பு என்றே சொல்லிவிடுகிறேன்.

டெல்லிக்குச் சட்டமன்றம் 1993-ல்தான் முதன்முதலாக வந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். 1952-லேயே 48 உறுப்பினர்களோடு ஒன்று இருந்தது, முதலமைச்சரும் இருந்தார். மாநில மறுசீரமைப்பின்போது, 1956 நவம்பர் 1-ல், அதைக் கலைத்து டெல்லியை யூனியன் பிரதேசமாக்கினார்கள். 1966-ல் ஒரு சட்டம் போட்டு 56 பேரைத் தேர்ந்தெடுத்து 5 பேரை நியமிக்கும் பெருநகரக் கவுன்சிலைக் கொடுத்தார்கள். அதற்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது, பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். 1987-ல் அமைக்கப்பட்ட குழு, கடைசியில் பாலகிருஷ்ணன் தலைமையில் 1989 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. அதன் அடிப்படையில் 1991-ல் 69-வது அரசியல் சாசனத் திருத்தம் வந்து 239ஏஏ என்ற பிரிவு சேர்ந்தது. 70 உறுப்பினர் சட்டமன்றம், உறுப்பினர் எண்ணிக்கையில் 10 சதவீதத்துக்கு மிகாத அமைச்சரவை, மாநிலப் பட்டியலில் பொது ஒழுங்கு, போலீஸ், நிலம் ஆகிய மூன்றைத் தவிர மற்ற விஷயங்களில் சட்டம் இயற்றும் உரிமை. ஆனால் அதே பிரிவின் ஏழாவது உட்பிரிவு, இந்த ஏற்பாட்டைச் செயல்படுத்தவும் அதற்குத் துணையாகவும் நாடாளுமன்றம் சாதாரணச் சட்டம் போடலாம், அது அரசியல் சாசனத் திருத்தமாகக் கருதப்படாது என்கிறது. பின்னால் நாடாளுமன்றத்தில் நடந்த சண்டை முழுவதும் இந்த ஏழாவது உட்பிரிவின் வழியாகத்தான் நடந்தது. அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2015 மே 21-ல் மத்திய உள்துறை ஓர் அறிவிக்கை வெளியிட்டது. சர்வீசஸ், அதாவது அதிகாரிகளின் நியமனம், ட்ரான்ஸ்ஃபர், போஸ்டிங் எல்லாம் எல்.ஜி., அதாவது மத்திய அரசு நியமிக்கும் துணைநிலை ஆளுநர், கையில் என்றது. அன்றிலிருந்து எட்டு வருடம் வழக்கு. 2016 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் எல்.ஜி. பக்கம் நின்றது. 2018 ஜூலை 4-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அமைச்சரவையின் ஆலோசனைக்கு எல்.ஜி. கட்டுப்பட்டவர், கருத்து வேறுபாடு வந்தால் குடியரசுத் தலைவருக்கு அனுப்பும் அதிகாரத்தை எதற்கெடுத்தாலும் பயன்படுத்தக் கூடாது என்றது. சர்வீசஸ் யாருக்கு என்பதை அது தீர்க்கவில்லை. 2019 பிப்ரவரியில் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். கடைசியில் 2023 மே 11-ல் இன்னொரு ஐவர் அமர்வு ஒருமனதாக, பொது ஒழுங்கு, போலீஸ், நிலம் என்ற அந்த மூன்று விஷயங்கள் சம்பந்தப்பட்ட பணிகள் தவிர மற்ற சர்வீசஸ் டெல்லி அரசுக்கே என்று சொல்லிவிட்டது. எட்டாவது நாள், மே 19-ல், நீதிமன்றம் கோடை விடுமுறைக்குப் போகும் நேரத்தில் அவசரச் சட்டம் வந்தது. அதுதான் ஆகஸ்டில் நீங்கள் கேட்கும் சட்டமானது.

சட்டம் என்ன செய்கிறது என்பதை ஒரு கோப்பை வைத்துப் பார்த்தால்தான் புரியும். அரசு மருத்துவமனைகளில் மருந்துக் கொள்முதல் தள்ளிப்போகிறது, துறைச் செயலர் கோப்பை நகர்த்தவில்லை, அவரை மாற்ற வேண்டும் என்று சுகாதார அமைச்சர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இது முதலமைச்சர் கையெழுத்தோடு முடிகிற விஷயம். மாலைக்குள் உத்தரவு வந்துவிடும். டெல்லியில் அமைச்சரோ அமைச்சரவையோ அதைத் தீர்மானிக்க முடியாது. தேசியத் தலைநகர் குடிமைப் பணிகள் ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. முதலமைச்சர் தலைவர், தலைமைச் செயலரும் உள்துறை முதன்மைச் செயலரும் மற்ற இரண்டு உறுப்பினர்கள். அந்த இரு பதவிகளில் யார் உட்காருவது என்பது மத்திய அரசின் முடிவு. வந்திருந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை எப்படியோ அப்படித்தான் முடிவு. ஆக, மக்கள் ஓட்டுப் போட்டு வந்த ஒருவரை, தேர்தலில் நிற்காத இருவர் தோற்கடிக்கலாம். சரி, மூன்று பேரும் ஒத்துப் போனார்கள் என்றே வைப்போம். அப்போதும் அது பரிந்துரைதான். கோப்பு எல்.ஜி.யிடம் போகிறது. அவர் கூடுதல் விவரம் கேட்கலாம், மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், அதன் பிறகும் கருத்து வேறுபட்டால் அவர் முடிவே இறுதி. ட்ரான்ஸ்ஃபர், போஸ்டிங் மட்டும் இல்லை, துறைரீதியான ஒழுங்கு நடவடிக்கைக்கும் இதே பாதைதான்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. டிவி விவாதங்களில் அதிகம் அடிபடாதது, என் பார்வையில் இதைவிடவும் ஆழமானது. ஒரு விஷயம் மத்திய அரசோடோ வேறு மாநிலத்தோடோ நீதிமன்றத்தோடோ பிரச்சினையைக் கிளப்பக்கூடும் என்று துறைச் செயலருக்குத் தோன்றினால், அவர் அதை எழுத்து மூலம் எல்.ஜி., முதலமைச்சர், தலைமைச் செயலர் ஆகியோர் கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சில வகைக் கோப்புகளில் உத்தரவு போடுவதற்கு முன்பே எல்.ஜி.யிடம் போயாக வேண்டும். தனக்கு மேலே இருக்கும் அமைச்சரைத் தாண்டி ஒரு கதவு திறந்திருக்கிறது, தன் அடுத்த போஸ்டிங்கும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் முடிவாகிறது என்று தெரிந்த அதிகாரி கோப்பில் தன் குறிப்பை, அதாவது நோட்டிங்கை, எப்படி எழுதுவார்? மறுக்க வேண்டியதில்லை. "நிதித் துறையின் கருத்தைப் பெறலாம்", "சட்டத் துறையின் கருத்தைப் பெறலாம்" என்று ஒவ்வொரு வரியாக எழுதிச் சுற்றில் விட்டாலே போதும், நாலு மாதம் போய்விடும். அதிகாரி அமைச்சருக்கும், அமைச்சர் சட்டமன்றத்துக்கும், சட்டமன்றம் மக்களுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று மே 11 தீர்ப்பு ஒரு சங்கிலியைச் சொன்னது. அதில் முதல் கண்ணி இங்கே அறுகிறது.

டெல்லி அரசுச் சட்டத்துக்கு 2021-ல் வந்த திருத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டெல்லி சட்டமன்றம் இயற்றும் சட்டங்களில் "அரசு" என்று வந்தால் எல்.ஜி. என்று பொருள் கொள்ள வேண்டும் என்றது அது. அவர் குறிப்பிடும் விஷயங்களில் நடவடிக்கைக்கு முன்பே அவர் கருத்தைப் பெற வேண்டும் என்றது. சட்டமன்றமோ அதன் குழுக்களோ அன்றாட நிர்வாகத்தைப் பரிசீலிக்கவும் நிர்வாக முடிவுகளை விசாரிக்கவும் விதி வகுக்கக் கூடாது, ஏற்கெனவே இருந்தால் அது செல்லாது என்றது. கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிகவும் உறுத்துவது. ஆஸ்பத்திரியில் ஏன் மருந்து இல்லை என்று செயலரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கும் இடம் சட்டமன்றக் குழுதான். அது ஆளுங்கட்சிக்கு உதவுவதைவிட எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வுக்குத்தான் அதிகம் உதவும். அன்று டெல்லியில் எதிர்க்கட்சியாக இருந்த பாஜகவினர் தங்களிடமிருந்தே அது பறிபோவதை ஆதரித்தார்கள். இன்று எதிர்க்கட்சியாக இருப்பவர்களுக்கும் அது இல்லை.

நியாயம் இருந்தது என்றால் தோற்றது ஏன்? முதல் காரணம் வெறும் கணக்கு. அரசியல் சாசனத் திருத்தமாக இருந்திருந்தால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஏழாவது உட்பிரிவின் கீழ் வந்ததால் சாதாரண மசோதா. வந்திருந்து வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேல் ஒன்று இருந்தால் போதும். 2021 திருத்தம் மார்ச் 24-ல் மாநிலங்களவையில் 83-க்கு 45 என்று நிறைவேறியது. இரண்டையும் கூட்டினால் 128 பேர். 245 இடங்கள் உள்ள அவையில் இவ்வளவு பேர்தான் வாக்களித்தார்கள். தமிழ்நாடு, மேற்கு வங்கம், கேரளா, அசாம், புதுச்சேரியில் தேர்தல் நடந்துகொண்டிருந்த நேரம் அது, எதிர்க்கட்சி எம்.பி.க்கள் பலர் பிரச்சாரத்தில் இருந்தார்கள். பிஜு ஜனதா தளம் போன்றவை வெளிநடப்புச் செய்தன. டிவியில் வெளிநடப்பு எதிர்ப்பு மாதிரித் தெரியும். வந்திருந்து வாக்களிப்பவர்களை மட்டும் எண்ணும் முறையில், அரசுக்குத் தேவையான எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுப்பதுதான் அதன் உண்மையான விளைவு. உங்கள் எம்.பி. ஒரு மசோதாவை "எதிர்த்தார்" என்று யாராவது சொன்னால், வாக்களித்தாரா, வெளியே போனாரா என்று கேளுங்கள்.

2023-ல் எதிர்க்கட்சிகள் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டுத்தான் வந்தன. ஆகஸ்ட் 3-ல் மக்களவையில் குரல் வாக்கெடுப்பு. அங்கே ஆளும் தரப்பின் பலத்தால் முடிவு முன்கூட்டியே தெரிந்தது. ஆம் ஆத்மிக்கு அங்கே இருந்ததே ஓர் உறுப்பினர், அவரும் அன்று சஸ்பெண்ட் ஆனார். உண்மையான ஆட்டம் ஆகஸ்ட் 7-ல் மாநிலங்களவையில். டிவிஷன், அதாவது ஒவ்வொரு வாக்கையும் எண்ணும் வாக்கெடுப்பு, கேட்டார்கள், கொறடா உத்தரவு போட்டார்கள், உடல்நலம் குன்றியிருந்த மன்மோகன் சிங் சக்கர நாற்காலியில் வந்து வாக்களித்தார். முடிவு 131-க்கு 102. இந்த எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிஜு ஜனதா தளம், ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் இரண்டுக்கும் அப்போது தலா 9 உறுப்பினர்கள்; இரண்டும் மசோதாவை ஆதரித்தன. 18 பேரும் வாக்களித்தார்கள் என்று எடுத்துக்கொண்டால், அவர்கள் வெளிநடப்புச் செய்திருந்தாலும் 113-க்கு 102 என்று மசோதா தேறியிருக்கும். எதிர்த்து வாக்களித்திருந்தால் 113-க்கு 120, தோற்றிருக்கும். டெல்லியின் ஆட்சிமுறையை முடிவு செய்தது புவனேஸ்வரமும் அமராவதியும்தான். கெஜ்ரிவால் அந்தக் கோடையில் சென்னை உட்பட ஊர் ஊராகப் போய் முதலமைச்சர்களைச் சந்தித்ததற்கு இதுவே காரணம். கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது, அந்த இரண்டு கட்சிகள் கிடைக்கவில்லை.

இரண்டாவது காரணம் நம்பகத்தன்மை. இதைச் சொல்லாமல் விட்டால் உங்கள் கேள்விக்கு நேர்மையான பதிலாகாது. 2019 ஆகஸ்ட் 5-ல் ஜம்மு காஷ்மீர் மாநிலத்தை இரண்டு யூனியன் பிரதேசங்களாக்கும் மசோதாவை ஆம் ஆத்மி ஆதரித்தது. ஒரு முழு மாநிலத்தின் அந்தஸ்தைக் குறைப்பதை ஆதரித்துவிட்டு, நாலு வருடம் கழித்துத் தங்கள் அதிகாரத்துக்காகக் கூட்டாட்சித் தத்துவத்தைக் கையில் எடுத்தபோது ஜம்மு காஷ்மீரில் முன்பு முதலமைச்சராக இருந்த ஒமர் அப்துல்லா அதை நினைவுபடுத்தினார். நியாயமான கேள்வி. பாஜகவைப் பார்த்தால், 2003-ல் டெல்லிக்கு மாநில அந்தஸ்து கொடுக்கும் மசோதாவை மக்களவையில் கொண்டுவந்தவரே அத்வானிதான். நிலைக்குழுவுக்குப் போய், 2004-ல் அவை கலைந்ததும் காலாவதியானது. டெல்லி காங்கிரஸிலும் ஒருமித்த கருத்து இல்லை. அஜய் மாக்கன் வெளிப்படையாகவே கெஜ்ரிவாலை ஆதரிக்கக் கூடாது என்றார். கட்சி மேலிடம் எதிர்ப்பை அறிவித்தது ஜூலை நடுவில், எதிர்க்கட்சிகளின் பெங்களூரு கூட்டத்துக்கு முன்னால்தான். எல்லாக் கட்சியும் டெல்லியின் அதிகாரத்தை யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தே பேசியிருக்கின்றன. இதனால் வாதம் பொய்யாகிவிடாது. ஆனால் மற்ற மாநிலக் கட்சிகளிடம் ஓட்டுக் கேட்கும்போது அது கழுத்தைப் பிடிக்கும், பிடித்தது.

மூன்றாவதாக, எதிர்த்தவர்கள் தங்கள் பலமான வாதத்தை விட்டுப் பலவீனமானதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு. "ஜனநாயகப் படுகொலை", "முழு மாநில அந்தஸ்து" என்று பேசினால் எதிர்த் தரப்புக்கு வேலை சுலபம். இது நாட்டின் தலைநகர், நாடாளுமன்றமும் தூதரகங்களும் இருக்கும் ஊர், நேரு, படேல், ராஜாஜி, அம்பேத்கர் எல்லோருமே டெல்லிக்கு முழு மாநில அந்தஸ்தை ஏற்கவில்லை என்று அமித் ஷா மக்களவையில் பட்டியல் போட்டார். அந்த வாதத்தில் சத்து இருக்கிறது; மத்திய அரசு தன் தலைநகரத்துப் போலீஸைத் தன்னிடம் வைத்துக்கொள்வது உலகத்தில் பல இடங்களில் இருக்கும் ஏற்பாடுதான். ஆனால் தூதரகப் பாதுகாப்புக்கும் லோக் நாயக் மருத்துவமனையின் மருந்துக் கொள்முதலுக்கும் என்ன சம்பந்தம்? போலீஸும் நிலமும் உங்களிடமே இருக்கட்டும், சுகாதாரச் செயலரை மாற்ற முதலமைச்சரை இரண்டு அதிகாரிகள் தோற்கடிக்க வேண்டிய அவசியம் என்ன என்று அந்த ஒரு பிரிவைப் பிடித்துக் கேட்டிருந்தால் பதில் சொல்வது கடினம். இன்னொரு உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019-ல் இதே டெல்லி வாக்காளர்கள் 7 மக்களவை இடங்களையும் பாஜகவுக்குக் கொடுத்தார்கள். 2020-ல் சட்டமன்றத்தில் 70-க்கு 62 ஆம் ஆத்மிக்கு. இரண்டு தரப்புமே "டெல்லி மக்கள் எங்கள் பக்கம்" என்று சொன்னதில் பொய் இல்லை.

பிரிவைப் பிடித்து எதிர்ப்பது வீண் போகாது என்பதற்கு இந்தச் சட்டத்திலேயே சான்று இருக்கிறது. மே 19 அவசரச் சட்டத்தில் 3ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. எந்த நீதிமன்றத் தீர்ப்பு என்ன சொன்னாலும், சர்வீசஸ் குறித்து டெல்லி சட்டமன்றம் சட்டமே இயற்ற முடியாது என்றது. ஆகஸ்டில் மசோதாவாக வந்தபோது அது இல்லை. அதை விட்டது உறுதி. ஏன் விட்டார்கள் என்பது என் ஊகம். தீர்ப்பின் அடிப்படையைச் சட்டத்தால் மாற்றலாம், தீர்ப்பையே செல்லாது என்று அறிவிக்க முடியாது. நீதிமன்றத்தில் முதலில் அடிபட்டிருக்கக்கூடியது அந்தப் பிரிவுதான் என்பதால் முன்னெச்சரிக்கையாக எடுத்திருப்பார்கள். அதே நேரத்தில், ஆணையம் தன் ஆண்டறிக்கையை வைக்க வேண்டும் என்று அவசரச் சட்டத்தில் இருந்ததையும் எடுத்துவிட்டார்கள். அதற்கு யாரும் சத்தம் போட்ட மாதிரி தெரியவில்லை. இதுபோன்ற மசோதா அடுத்த முறை வரும்போது நீங்களே படித்துப் பார்க்கலாம். முன்னுரையை விட்டுவிடுங்கள், கடைசியில் இருக்கும் நோக்கக் காரண விளக்கத்தை முதலில் படித்து, பிறகு ஒவ்வொரு பிரிவிலும் யார் கையெழுத்துப் போடுகிறார், யார் தடுக்கலாம், எத்தனை நாளுக்குள் என்று மூன்றை மட்டும் தேடுங்கள். நாள் கணக்கு இல்லாத இடம் கோப்பு தூங்கும் இடம். "தன் விருப்புரிமைப்படி", "எதுவாக இருந்தபோதிலும்" என்ற சொற்கள் வரும் இடத்தில் அடிக்கோடு போடுங்கள்.

இனி, ஆட்சி மாறிய பின் ஏன் பேச்சே இல்லை என்பது. 2025 பிப்ரவரித் தேர்தலில் பாஜக 48, ஆம் ஆத்மி 22. இப்போது மத்தியிலும் டெல்லியிலும் ஒரே கட்சி, அதனால் எல்.ஜி.க்கும் முதலமைச்சருக்கும் இடையே கோப்பு முட்டிக்கொள்வது வெளியே தெரிவதில்லை. சட்டம் அப்படியே இருக்கிறது. அதே ஆணையம், அதே இறுதி முடிவு. முதலமைச்சருக்கு இப்போது காரியம் நடக்கிறது என்றால் அது அரசியல் இணக்கத்தால் நடக்கிறது, சட்டம் கொடுத்த உரிமையால் இல்லை. மத்தியிலோ இங்கேயோ ஒரு தேர்தலில் முடிவு மாறினாலும் பழைய சண்டை பழைய இடத்திலிருந்து தொடங்கும்.

உங்களுக்கு என்ன என்று கேட்டீர்கள். ஜங்புரா மதராசி கேம்ப் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாராபுல்லா கால்வாய் ஓரம் தலைமுறைகளாக இருந்த தமிழர் குடியிருப்பு. கால்வாய் அடைப்பைச் சரிசெய்ய டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1-ல் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் முதலில் 189 குடும்பங்கள்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள். அதுவும் நகரின் வடக்குக் கோடியில் நரேலாவில். அதை இந்தச் சட்டம் இடிக்கவில்லை, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அங்கே ஒரு குடும்பம் எத்தனை வாசலில் நிற்க வேண்டியிருந்தது என்று பாருங்கள். தகுதிப் பட்டியல் தயாரிப்பது டெல்லி அரசின் குடிசைப்பகுதி மேம்பாட்டு வாரியம். நரேலா வீடுகள் டிடிஏ என்ற டெல்லி வளர்ச்சி ஆணையத்துடையவை, அது மத்திய அரசு. பாதுகாப்புக்கு நின்ற போலீஸும் மத்திய அரசு. பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளியில் இடம் கேட்டால் டெல்லி கல்வித் துறை. தமிழ் படிக்க டிடிஇஏ, அதாவது டெல்லி தமிழ்க் கல்விக் கழகத்தின், பள்ளிதான் வேண்டும் என்றால் நரேலாவிலிருந்து அது எட்டாத தூரம். இத்தனைக்கும் நடுவில் "நான் முடிவெடுக்கிறேன், என்னைக் கேளுங்கள்" என்று சொல்லும் ஒரே ஆள் இல்லை. அதிகாரம் பிரிந்து கிடந்தால் பொறுப்பும் பிரிந்து போகும். அந்த இடைவெளியில் விழுபவர்கள் பேப்பர் சரியாக இல்லாத ஏழைகள்.

வாடகை வீட்டுக்காரர் விஷயத்துக்கு வந்தால், மின் கட்டணத்தைப் பாருங்கள். 2023-ல் டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் யார் என்பதில் முதலமைச்சரும் எல்.ஜி.யும் ஒத்துப்போகவில்லை. இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு பெயரைச் சொல்லுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். அதுவும் நடக்காமல், கடைசியில் நீதிமன்றமே தற்காலிகத் தலைவரை நியமித்தது. உங்கள் பில்லில் யூனிட்டுக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும் நாற்காலி அது. வீட்டு முன் சாலை பழுதானால் 60 அடியும் அதற்கு மேலும் அகலம் உள்ளவை பொதுவாகப் பொதுப்பணித் துறை, குறுகியவை மாநகராட்சி. மனுவைத் தவறான இடத்தில் கொடுத்தால் "எங்களுடையது இல்லை" என்று திரும்பி வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பதாக இருந்தால், பிரச்சினையை எழுதுவதைவிட "இந்தக் கோப்பு இன்று யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து, நோட்டிங் பக்கங்களின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். டெல்லியில் அந்தக் கேள்விக்குத்தான் பயனுள்ள பதில் வரும்.

தமிழர்கள் இந்த வழக்கைக் கவனிக்க இன்னொரு காரணம் புதுச்சேரி. அங்கே 1963 சட்டத்தின் கீழ் சட்டமன்றம் இருக்கிறது. அப்போதைய முதலமைச்சர் நாராயணசாமிக்கும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் நடந்த மோதலில், அன்றாட நிர்வாகத்தில் துணைநிலை ஆளுநர் தலையிடக் கூடாது என்று 2019-ல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி சொன்னார். 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. டெல்லிக்கு அரசியல் சாசனத்திலேயே தனிப் பிரிவு இருக்கிறது. புதுச்சேரியின் ஏற்பாடு அந்த அளவுக்கு விரிவாகச் சாசனத்தில் எழுதப்படவில்லை, பெரும்பாலும் சாதாரணச் சட்டத்தில் நிற்கிறது. டெல்லிக்கே இந்தப் பாதுகாப்புப் போதவில்லை என்றால் புதுச்சேரிக்கு இன்னும் குறைவு. டெல்லி மசோதாவை திமுக எதிர்த்து வாக்களித்ததைக் கூட்டணிக் கடமையாக மட்டும் பார்ப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

தீராமல் இருப்பது எது? அவசரச் சட்டத்தை எதிர்த்த வழக்கை 2023 ஜூலை 20-ல் மூன்று நீதிபதிகள் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பினார்கள், இரண்டு கேள்விகளோடு. ஏழாவது உட்பிரிவின் கீழ் நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு எல்லை எதுவரை? அந்த அதிகாரத்தைக் கொண்டு டெல்லிக்கான ஆட்சிமுறையின் அரசியல் சாசனக் கோட்பாடுகளையே நீக்கிவிட முடியுமா? எல்லை இல்லை என்று பதில் வந்தால், இருக்கும் சட்டமன்றத்தை வைத்துக்கொண்டே அதை 1966 கவுன்சில் நிலைக்குக் கொண்டுபோக முடியும். அதற்கு இன்னொரு சாதாரண மசோதாவும் மாநிலங்களவையில் ஒரு பகல் பொழுதும் போதும். எல்லை உண்டு என்று வந்தால், முதலில் அடிபடுவது ஆணையத்தின் மூவர் வாக்கெடுப்பாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு, எல்.ஜி.யின் இறுதி முடிவு அதிகாரம் முழுதாகப் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, போலீஸ், நிலம் சார்ந்த பணிகளுக்கு அது எப்படியும் தங்கும். வழக்குத் தொடுத்த கட்சி இப்போது டெல்லியில் ஆட்சியில் இல்லை. டெல்லி அரசு என்ற மனுதாரர் இந்த வழக்கை எவ்வளவு ஆர்வமாக நடத்தப் போகிறார் என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.